குளத்தோரப் பன்னும் வயற்கோரையும்

வன்னிக் கமக்காரர் ஒருவரிடம் கோரை என்ற சொல்லைக் கூறினால் அவர் முகம் சுளிப்பார். காலபோக வயலில் நெல்லோடு நெல்லாய் முளைத்து, நெல்லுக்கு இட்ட உரத்தை உண்பது கோரை. மிளகாய்த் தோட்டத்தில் இன்று கொத்திவிட, மூன்றாம் நாள் மீண்டும் தலைநீட்டுவதும் கோரை. ஆயினும் அவர் வீட்டுப் பரணிலே சுருட்டி வைத்த பழைய பாய் ஒன்று இருக்குமாயின், அதுவும் ஒரு கோரையின் தண்டினால் இழைக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரே குடும்பத்திற் பிறந்தவற்றுள் ஒன்று பகையாகவும் மற்றொன்று உறவாகவும் நிற்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாது, குளத்தோரத்து நெடுங்கோரையையும் வயற்களையையும் ஒன்றாகவே எண்ணி, இரண்டுக்கும் ஒரே களைநாசினியைத் தெளிப்போர் ஆங்காங்கு உளர். அவர்கள் அழிப்பது யாது, அழிக்கவேண்டியது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

கோரைகள் புற்களைப்போலத் தோன்றினும் புற்களல்ல. புல்லின் தண்டு உருண்டையானது, கணுக்களையுடையது, கணுக்களுக்கிடையே பெரும்பாலும் உள்ளீடற்றது. கோரையின் தண்டோ பெரும்பாலும் மூன்று பக்கங்களையுடையது; அடியிலிருந்து பூங்கொத்து வரையிற் கணுவின்றி ஒரே நீளமாய்ச் செல்வது; உள்ளே வெண்மையான சோறு நிறைந்தது. புல்லின் இலைகள் இரண்டு வரிசையாகவும் கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் அமைந்திருக்கும். ஐயமுண்டாயின் தண்டின் அடியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பார்த்தல் போதும். விளிம்பு தட்டுப்பட்டால் அது கோரை. சிலவகைக் கோரைகளின் தண்டு உருண்டையாய் இருத்தலும் உண்டு. அவற்றைக் கணுவின்மையால் அறியலாம். குளங்களிற் காணப்படும் சம்பு, தட்டையான நீண்ட இலைகளையும் கபில நிறமான தடித்த பூக்கதிரையும் உடையது. அதுவும் பாய்க்கு உதவுமாயினும் கோரையினத்தைச் சேர்ந்ததன்று.

பாய்க்கு ஏற்ற நெடுங்கோரையை இலங்கைத் தமிழர் பன் என்பர். சிங்கள மக்களும் இதே சொல்லையே வழங்குவர். ஒரு மொழியிலிருந்து மற்றொன்று கடன்பெற்றதோ, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பெற்றனவோ, அஃது எவ்வாறாயினும், ஒரே குளத்திலிறங்கி ஒரே செடியை அறுத்தவர்கள் அதனை ஒரே பெயரால் அழைத்ததில் வியப்பில்லை. பன் என்ற பெயர் ஒரே தாவரத்தை மட்டும் குறிப்பதன்று. பாய் இழைப்போர் தம் கைக்கு அடங்கும் பலவகை நீர்க்கோரைகளையும் அப்பெயரால் வழங்குவர். அவற்றுட் சிறந்தது, தாவரவியலார் சைப்பிரசு பங்கோரை என்று குறிக்கும் இனமாகும். அப்பெயரை 1773ஆம் ஆண்டில் வெளியிட்டவர் தென்மார்க்கு நாட்டுத் தாவரவியலறிஞர் உரொட்பொல் என்பார். அக்காலத்திற் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி தென்மார்க்கினர் கையில் இருந்தது. இலத்தீன் மொழியில் அமைந்த அப்பெயரின் பிற்பாதியில் கோரை என்ற நம் சொல் அப்படியே ஒலிப்பதைக் காது உடையார் எவரும் உணர்வர். மேனாட்டு அறிஞர்கள் எடுத்தாண்ட தமிழ்ச் செடிப்பெயர்கள் பல. ஆயினும் களை என்று நாம் இகழும் ஒன்றுக்கு இச்சிறப்புக் கிடைத்தமை குறிப்பிடத்தக்கது.

இச்செடி நிலத்தின்கீழ்ப் படர்ந்தோடும் கிழங்குத்தண்டிலிருந்து வரிசை வரிசையாய்த் தண்டுகளை மேலெழுப்பும். தண்டு மூன்று நான்கு அடி உயரும். வளமான சேற்றில் அதற்கு மேலும் செல்லும். இலை மிகச் சிறியது. அடியில் உறைபோலச் சுற்றியிருப்பது. ஆதலால் அறுத்தெடுக்கும் தண்டிற் கழிவு குறைவு. இதனோடு வன்னிக் குளங்களில் வேறு இரண்டு கோரைகளையும் காணலாம். ஒன்று ஆளுயரத்துக்கு வளரும் பருத்த முக்கோணத் தண்டுடையது; முரட்டுப் பாய்க்கும் திரைத்தட்டிக்கும் ஏற்றது. மற்றொன்று எலியோகாரிசு என்னும் இனம். இலையே இல்லாதது போன்ற குழற்றண்டு உடையது. அதனை அழுத்தினால் உள்ளிருக்கும் குறுக்குத் திரைகள் நொறுங்கும் ஓசை கேட்கும். இவ்வினத்தையே சீனர் வயலில் நட்டுக் கிழங்கெடுத்து உண்பர். நம் குளங்களில் இயல்பாய் வளர்வதன் கிழங்கு சிறியது.

பன் அறுத்தலிற் பருவமே முதன்மையானது. பூங்கொத்து விரிந்து பழுக்குமுன் அறுத்த தண்டு வளைந்து கொடுக்கும். முற்றிய தண்டு காய்ந்தபின் மடிப்பில் வெடிக்கும். அத்தகைய தண்டால் இழைத்த பாயின் ஓரம் ஓராண்டுக்குள்ளேயே உதிரத் தொடங்கும். காலபோக அறுவடை முடிந்து, குளத்தில் இன்னும் நீர் நிற்கும் மாசி, பங்குனி மாதங்களே இதற்கு ஏற்ற காலம். வயல்வேலை குறைந்து, வெயில் ஏறி, மழை ஓய்ந்த காலமாதலால் உலர்த்துதற்கும் அதுவே நல்லது. அறுத்த தண்டுகளை நீள அளவுப்படி தெரிந்து கட்டுதல் வேண்டும். அறுத்த அன்றே விரித்து உலர்த்தாது குவித்து வைத்தால் உள்ளே சூடேறித் தண்டு கறுத்துவிடும். பனிபட்டாலும் நிறம் மங்கும். எனவே மாலையிற் சுருட்டி உள்ளெடுத்து, காலையில் மீண்டும் விரித்தல் மரபு. நன்கு உலர்ந்த பன் இளம்பச்சை மாறி வைக்கோலின் பொன்னிறம் அடையும்.

முரட்டுப் பாய்க்கு முழுத்தண்டையே நசுக்கித் தட்டையாக்கிக் கொள்வர். நேர்த்தியான பாய்க்குத் தண்டைக் கத்தியால் இரண்டாகவோ நான்காகவோ கீறி, உட்சோற்றை வழித்தெடுத்து, வெளித்தோலை மட்டும் கொள்வர். சாயமிடவேண்டின், பதங்கக் கட்டையை அவித்துச் சிவப்பும் மஞ்சட்கிழங்கை அவித்து மஞ்சளும் பெறுவது பழைய முறை. பிற்காலத்திற் கடைச்சாயத்தூள் வந்தது. அது விரைவில் ஏறும். வியர்வை பட்டால் விரைவில் இறங்கியும் விடும். இழைக்குமுன் பன்னின்மீது நீர் தெளித்து நனைத்துக்கொள்ளல் வேண்டும். உலர்ந்த பன் விரலையும் அறுக்கும், தானும் முறியும்.

நம் நாட்டிற் பன்பாய் பெரும்பாலும் தறியின்றி, நிலத்தில் அமர்ந்து, விரல்களாலேயே இழைக்கப்படுவது. ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாய் நுழைத்து, விளிம்பில் மடித்துத் திருப்பி, மறுமூலையில் முடிப்பர். இத்தொழில் ஏறத்தாழ முற்றிலும் பெண்கள் கையிலேயே இருந்து வந்துள்ளது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணி ஆற்றுப் பக்கமாய் உள்ள பத்தமடை என்னும் ஊரில் இதே கோரையினத்தைத் தறியில் நெய்வர். அங்கே கீறிய கோரையை ஓடும் நீரிற் பல நாள் ஊறவைத்து, அது பருத்தபின் எடுத்து உலர்த்தி, மீண்டும் மெல்லிதாய்க் கீறி, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு இட்டு நெய்கின்றனர். மிக நுண்ணிய பத்தமடைப் பாய் துணிபோல மடிபடும். அப்பாய்க்கு இந்தியாவிற் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்துள்ளது. திருச்சி மாவட்டத்து முசிறி, கரூர் முதலிய இடங்களிற் காவிரி நீரைக்கொண்டு கோரையைப் பயிராகவே நட்டு வளர்க்கின்றனர். கிழங்குத்தண்டை ஒருமுறை நட்டுவிட்டால் பல ஆண்டுகள் தொடர்ந்து அறுக்கலாம். வன்னியில் தானே முளைத்து நிற்பதை அங்கே நீர்பாய்ச்சி உரமிட்டு வளர்க்கிறார்கள் என்பதைக் கமக்காரர் கருதிப் பார்த்தல் தகும்.

பன் பாய்க்கு மட்டுமே பயன்பட்டதன்று. பை, தொப்பி, வெற்றிலைப் பெட்டி, தலையணை உறை முதலியனவும் இழைக்கப்பட்டன. அவித்த நெல்லை உலர்த்தப் பழம்பாய் விரிப்பது வழக்கமாய் இருந்தது. உழவுக்காலக் காவற்கொட்டிலின் பக்கங்களை முரட்டுக்கோரைத் தட்டியால் அடைத்தனர். இளந்தண்டை எருமை விரும்பித் தின்னும். கீறியெடுத்த சோற்றையும் கழிவுத்தண்டையும் மாட்டுத்தொழுவத்தில் இட்டால் மூத்திரத்தை உறிஞ்சி நல்ல எருவாகும். விதை பிடிக்குமுன் அறுத்த தண்டைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காய் இடுதலும் நன்று. விதை பிடித்தபின் அவ்வாறு செய்தல் தவறு. நீரோரச் செடியாயினும் வாய்க்கால் நீர் நிற்குமிடத்தில் அதன் விதை முளைக்கும்.

பன்னால் வீட்டுக்குண்டாகும் பயனைவிடக் குளத்துக்குண்டாகும் பயன் பெரிது. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில கிழமைகளிலேயே கொட்டித் தீர்கிறது. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவாயினும், பாலியாற்றை மறித்து 1950களில் மீளக் கட்டப்பட்ட வவுனிக்குளமாயினும், பேராற்றின்மேல் அமைந்த முத்தையன்கட்டாயினும், ஊருக்கொன்றாய் உள்ள சிறு குளமாயினும், அந்நாட்களில் வரும் நீரைத் தேக்கியே அடுத்த போகத்தை நடத்துகின்றன. அந்நீர் வெறுங்கையுடன் வருவதில்லை. காட்டு மண்ணையும் மேட்டுநிலத் தோட்டங்களின் மண்ணையும் உரத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது. குளத்தின் மேற்புறத்து ஆழமற்ற பகுதியாகிய அலைகரையிற் கோரையும் புல்லும் செறிந்து நிற்குமாயின், வேகமாய் வரும் நீர் அங்கே தடைப்பட்டுத் தளரும். தளர்ந்த நீர் சுமையை இறக்கிவிடும். மணலும் வண்டலும் அலைகரையில் தங்க, தெளிந்த நீர் உட்செல்லும். கரைந்து வரும் நைத்திரசனையும் பொசுபரசையும் ஓரளவு கோரையின் வேர்கள் உண்டுவிடும். கோரையை அறுத்து வெளியேற்றும்போது அச்சத்துக்களும் குளத்தைவிட்டு வெளியேறுகின்றன என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. அறுக்காது விட்டால் அத்தண்டு அங்கேயே அழுகி, உண்டதை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

பழங்காலத்தார் இதனை அறிந்தே குளங்களை அமைத்தனர். வறண்ட வலயத்துக் குளங்கள் தனித்தனியாய் அமைந்தவையல்ல. ஒரு சிற்றாற்றுப் படுகையில் மேற்குளத்தின் கழிவுநீர் கீழ்க்குளத்துக்குச் செல்லுமாறு தொடராய் அமைந்தவை. இதனைக் குளத்தொடர் எனப் பொருள்படும் பெயரால் 1985இல் விளக்கியவர் பேராசிரியர் மத்தும பண்டார. அத்தொடரில் ஒவ்வொரு குளத்துக்கும் மேலே நீரை வடிக்கும் புல்வெளியும், கரையோரத்தில் மரச்சோலையும், கட்டின் கீழே உவரை உறிஞ்சும் செடிகொடிகளும் விடப்பட்டிருந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய தாபனம் 2017இல் இக்குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளுள் ஒன்றாய் ஏற்றுக்கொண்டது. அவ்வமைப்பில் வடிகட்டும் வேலையைச் செய்யும் செடிகளுட் கோரைகளும் அடங்கும். அலைகரையை உழுது தோட்டம் செய்வார், சில ஆண்டுகளிற் குளம் தூர்ந்துவிட்டது என்று முறையிடுவதிற் பயனில்லை.

இவ்வளவு நன்மை செய்யும் பன்னே தீமையும் செய்யும். அறுப்பார் இல்லாதபோது அது நிகழும். முன்னாட்களிற் குளத்தோரத்து ஊர்ப்பெண்கள் ஆண்டுதோறும் இறங்கி அறுத்தனர். அது அவர்களுக்கு வருவாய்; குளத்துக்கு அதுவே பராமரிப்பு. இவ்வேலைக்கு எந்தத் திணைக்களமும் கூலி கொடுக்கவில்லை. பின்னர் பிளாத்திக்குப் பாய் வந்தது. அது மலிவானது, கழுவத்தக்கது, பல நிறங்களிற் கிடைப்பது. அதனை வாங்கியவர்களைக் குறை கூறுதல் இயலாது. அதனையடுத்துப் போர் வந்தது. வன்னி மக்கள் பலமுறை இடம்பெயர்ந்து, 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ முழுநிலமும் ஆளின்றிப் போயிற்று. மீண்டு வந்தோர் பல சிறு குளங்கள் கட்டு உடைந்தும், துருசு அடைபட்டும், கோரையும் சம்பும் மூடியும் கிடக்கக் கண்டனர். அக்காட்சியைக் கண்டவர்கள் கோரையைப் பகையெனக் கருதியதில் வியப்பில்லை. ஆயின் அங்கே நேர்ந்தது செடியின் குற்றமன்று. அறுக்கும் கை இல்லாமற் போனதேயாகும்.

துருசின் வாயிலும் வாய்க்காலின் தொடக்கத்திலும் கோரை நிற்றல் ஆகாது. அங்கே அது நீரைத் தடுக்கும். வண்டலைப் பிடித்து வாய்க்காலை உயர்த்தும். குளக்கட்டின் நீர்ப்பக்கத்து அடியில் அளவாய் நின்றால் அலையின் மோதலைத் தாங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அலைகரையிற் செறிந்து நிற்றலே அதற்குரிய இடம். ஆகவே ஒரே குளத்தில் ஓரிடத்திற் காக்கவும் ஓரிடத்தில் ஒழிக்கவும் வேண்டியுள்ளது. இதற்குக் களைநாசினி உதவாது. அது இடம் பார்ப்பதில்லை. மேலும் சிறு குளங்களில் மக்கள் குளிக்கின்றனர், மாடுகள் நீருண்கின்றன, 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா முதலிய மீன்களைப் பிடித்துப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய நீரில் நச்சைக் கலத்தல் முறையன்று.

உதவுவது கத்தியே, அதனைப் பிடிக்கும் முறையிலேயே எல்லாம் தங்கியுள்ளது. நீரிலே நிற்கும் கோரையின் கிழங்குத்தண்டு சேற்றினுள் மூச்சுவிடுவது, நீருக்கு மேல் நிற்கும் தண்டின் வழியாகவே. தண்டின் சோற்றிலுள்ள காற்றறைகள் வழியே உயிர்வளி கீழே இறங்குகிறது. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே தண்டை அறுத்தால் அடிக்கட்டை மூச்சுவிடும். செடி மீண்டும் தழைக்கும். நீர்மட்டத்தின் கீழே அறுத்து, அடிக்கட்டை பல நாள் நீருள் மூழ்கியிருக்குமாறு விட்டால் கிழங்குத்தண்டு மூச்சின்றி அழுகும். எனவே காக்கவேண்டிய அலைகரையில் மாசி, பங்குனியில் நீருக்கு மேலே அறுத்துப் பாய்க்குக் கொள்க. ஒழிக்கவேண்டிய துருசு வாயில், நீர் வற்றிய ஆவணி, புரட்டாதியில் மண்ணோடு மண்ணாய் வெட்டி விடுக. ஐப்பசி மழையில் ஏறும் நீர் மீதிப் பணியைச் செய்துவிடும். முதலாண்டில் முற்றும் ஒழியாவிடின் இரண்டாம் ஆண்டிலும் அவ்வாறு செய்தல் வேண்டும். கனரகப் பொறியால் அலைகரை முழுவதையும் வழித்தெடுப்பது, வேலை விரைவில் முடிந்ததுபோலத் தோன்றினும், அடுத்த மழையில் வரும் வண்டலுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஆகாயத்தாமரை 1905இலும் சல்வீனியா 1939இலும் பிறநாட்டிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவை. அவை நீரின்மேல் மிதந்து பரவுவன. ஆகாயத்தாமரையை ஒழிக்க 1909இலேயே சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. அவற்றை எங்கே கண்டாலும் அகற்றுதல் முறை. பன் இம்மண்ணிற்குரியது, வேரூன்றி நிற்பது, ஆழமான நீருக்குட் செல்லாதது. இரண்டையும் ஒரே கண்ணாற் பார்த்தல் ஆகாது.

குளத்திலிறங்கி அறுப்போர் கவனிக்கவேண்டியவை சில உள. வன்னிக் குளங்கள் பலவற்றில் முதலை உண்டு. தனியே இறங்குதல் கூடாது. எலிக்காய்ச்சல் நீரில் நிற்போரை எளிதிற் பற்றும். 2008இல் அது நாடெங்கும் பெருகியமை பலருக்கு நினைவிருக்கும். காலில் வெட்டுக்காயமுள்ளோர் இறங்காதிருத்தலும், பருவந்தோறும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றி வினாவுதலும் நன்று. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்ட பக்கத்திற்குப் பன்னுக்காகச் செல்லவே கூடாது. 80 எக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் அறுப்பதை அவ்வூர்க் கமக்காரர் அமைப்பு முறைப்படுத்திக்கொள்ளலாம். யார் எப்பக்கத்தில் எப்போது அறுப்பது என்று போகக் கூட்டத்திலேயே பேசி முடிவுசெய்தால், முற்றுமுன் போட்டியிட்டு அறுக்கும் தொல்லையும் இராது.

இனி வயலிலுள்ள பகைக் கோரைகளைச் சுருக்கமாய்க் கூறுவோம். நெல்வயலில் தொல்லை தருவன பெரும்பாலும் ஓராண்டுக் கோரைகள். விதையால் மட்டும் பெருகுவன. பூங்கொத்து உருண்டை உருண்டையாய்த் திரண்டிருப்பது சைப்பிரசு திவ்போமிசு. மஞ்சள் கலந்த கதிர்கள் விரிந்து நிற்பது சைப்பிரசு இரியா. அடியிலைகள் விசிறிபோலத் தட்டையாய் அமைந்து, சிறு சிறு கபில மணிகள் போலப் பூப்பது விம்பிரிசுற்றைலிசு. இவற்றின் விதை தூள்போன்றது. மண்ணின் மேற்பரப்பிற் கிடந்தால் மட்டுமே முளைக்க வல்லது. ஈரமண்ணில் முளைக்கும், தேங்கிய நீரின்கீழ் முளைப்பது அரிது. ஆதலால் வயலைச் செவ்வனே பலகையடித்து மட்டப்படுத்தி, நெல் முளைத்து எழுந்தவுடன் மெல்லிய நீர்க்கட்டு நிறுத்துதலே முதன் மருந்து. மேடும் பள்ளமுமாய் உள்ள வயலில் மேட்டில் மட்டும் கோரை நிற்பதை எவரும் காணலாம். புழுதி விதைப்புச் செய்வோர், முதன்மழையில் முளைக்கும் கோரையை ஒருமுறை உழுது அழித்தபின் விதைத்தல் நன்று. ஒரே களைநாசினியை ஆண்டுதோறும் தெளித்தல் தீது. கலிபோர்ணியாவிலும் அவுத்திரேலியாவிலும் அவ்வாறு செய்தமையால், 1990களிலேயே சைப்பிரசு திவ்போமிசு அந்நாசினிக்கு அடங்காததாய் மாறிவிட்டது.

மேட்டுநிலத் தோட்டத்துக் கோரை இவற்றினும் கொடியது. சைப்பிரசு உரொற்றண்டசு எனப்படும் அதனை, உலகின் கொடிய களைகளைப் பற்றி 1977இல் வெளிவந்த நூல் முதலிடத்தில் வைத்தது. அதன் கிழங்குகள் நிலத்தின்கீழ் மாலைபோலக் கோத்திருக்கும். மேலேயுள்ள இலையைக் கொத்தினால் கிழங்கு மீண்டும் முளைவிடும். கிழங்குமாலையை அறுத்தால் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். எனவே ஈரத்தில் மண்வெட்டியால் கொத்துவோர் உண்மையில் அதனை நடுகின்றனர். அதற்கு ஆகாதவை இரண்டு. ஒன்று கடும்வெயில். ஆடி, ஆவணி வறட்சியில் நிலத்தை ஆழமாய்ப் புரட்டிக் கிழங்குகளை மேலே கொண்டுவந்து, இரு கிழமை வெயிலிற் கிடக்கவிட்டு, மீண்டும் புரட்டினால் பெரும்பகுதி உலர்ந்து சாகும். மற்றது நிழல். விரைவில் தழைத்து நிலத்தை மூடும் கௌபி, வற்றாளை போன்ற பயிரை ஒரு போகம் இட்டால் கோரை மெலிந்துவிடும். வெங்காயம் நிலத்தை மூடாத பயிர். கோரை மண்டிய துண்டில் வெங்காயம் நடுவது வீண்செலவு.

பிடுங்கிய கிழங்கை எருக்குழியில் இடலாகாது. எரு இடுமிடமெல்லாம் முளைக்கும். ஆயின் அதனை முற்றும் எறிந்துவிடவும் வேண்டியதில்லை. கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்று நாட்டு வைத்தியர் கூறுவது இதனையே. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பசியின்மை ஆகியவற்றுக்கான கசாயங்களிலும் நறுமணக் குளியற்பொடிகளிலும் இது சேர்க்கப்படுகிறது. களைநாசினி தெளித்த நிலத்துக் கிழங்கை மருந்துக்குக் கொடுத்தல் கூடாது. கழுவி, வேரும் மயிரும் நெருப்பில் வாட்டி நீக்கி, நன்கு உலர்த்திய கிழங்கையே மருந்துச் சரக்குக் கடையினர் வாங்குவர்.

பன் வளர்க்க விரும்பும் கமக்காரர் குளத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வயலின் கடைமடையில், நெல் ஒழுங்காய் விளையாது நீர் தேங்கும் துண்டு பலரிடம் உண்டு. கழிவு வாய்க்காலின் ஓரமும் உண்டு. கார்த்திகை மழையில், குளத்தோரத்தில் நன்கு தழைத்த பன்னின் கிழங்குத்தண்டை இரண்டு மூன்று முளையுடன் சாண் நீளமாய்த் துண்டித்து, சேற்றில் நான்கு விரற்கடை ஆழத்தில், ஒரு முழ இடைவெளியில் நடலாம். பக்கத்து நெல்வயலுக்குள் ஓடாதவாறு இடையே ஓர் உயர்ந்த வரம்பிடுதல் இன்றியமையாதது. கிழங்குத்தண்டு தாழ்ந்த வரம்பைக் கடந்துவிடும். முதற்சில மாதங்களிற் பிறகளைகளைக் கையாற் பிடுங்குதல் வேண்டும். அதன்பின் பன்னே அவற்றை அடக்கிவிடும். நட்ட முதல் மாசியில் அறுக்காது விட்டு, அடுத்த ஆண்டு மாசியிலேயே முதல் அறுப்பைத் தொடங்குதல் நலம். அதுவரை எருமை உள்ளே புகாதவாறு நல்ல வேலி இருத்தல் வேண்டும்.